ஆல்ஃப் மெட்காஃப் போட்ட புல்

"இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு சார்ஜென்ட். அதுக்குள்ள ரூத் ஆடு திருடலேன்னு காட்டணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, சீக்கிரமாப் போய் நல்ல இடமாப் பாத்து உக்காரலாம். லேட்டாப் போனா வெறும் உருளைக்கிழங்குதான் மிஞ்சும்."

சொல்லிக்கொண்டே ஹெட்டி மெட்காஃப் வண்டியைச் செங்குத்தான வளைவில் ஒடித்துத் திருப்பினாள். அது பழைய தபால் வண்டி. ஸ்கார்த்கில் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருடம் அவள் கடிதம் போட்ட வண்டி. ஓய்வு பெற்றபோது அதையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சைலஸ் கர்வென் உட்கார்ந்திருந்தார். சந்தை ஊரில் முப்பது வருடம் போலீஸ் சார்ஜென்டாக இருந்தவர். இப்போது கூப்பிட்ட இடத்துக்குப் போய்த் துப்புத் துலக்குகிறார். மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மலைக்காரர்களை மனிதர்கள் கணக்கிலேயே அவர் சேர்த்ததில்லை. நனைந்த கம்பளி வாடையும் ஓயாத தூறலும் எங்கே பார்த்தாலும் ஓடும் கல் சுவர்களும் சேர்ந்து அவர் மூக்கை நிரந்தரமாகச் சுளிக்க வைத்திருந்தன.

வழக்கு இவ்வளவுதான். மாளிகை மேஜர் ட்ரஸ்காட்டின் செம்மறிகள் இருபது, ஒன்பது நாளைக்கு முன்னால் ரூத் கேப்ஸ்டிக்கின் மேட்டு வேலிக்குள் அகப்பட்டன. தோளில் இருக்க வேண்டிய மேஜரின் சிவப்பு அடையாளத்தைக் கத்தரித்துவிட்டு, முதுகில் ரூத்தின் பச்சைக் கோடு போட்டிருந்தது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மூடுபனியில் ஆடுகள் காணாமல் போயின என்று மேஜர் எழுதியே கொடுத்துவிட்டார். மலை மேஜர் வாங்கியது; அதில் மேய்க்கும் உரிமை அவரைத் தவிர பன்னிரண்டு பண்ணைகளுக்கு. இன்று நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, விடுதியில் மேய்ப்பர் கூட்டமும் சாப்பாடும். நண்பகலில் மற்ற பதினொரு பேரும் கை தூக்கினால் ரூத்துக்கு மலை இல்லை. மலை இல்லாமல் முந்நூறு ஆட்டை எங்கே மேய்ப்பது? பண்ணையைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். அவள் பங்கு மலை மற்றவர்களுக்குப் பிரியும்.

"காலைல விடுதி முற்றத்துப் பட்டியில ஆட்டைப் பாத்தோமே, உனக்கு என்ன தோணுச்சு?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"என் அண்ணனை நினைச்சு. கேட்டுல இரும்புக் கூடை மாட்டி, அதுல நல்ல காஞ்ச புல்லாத் திணிச்சு வச்சிருக்கான். ஆல்ஃப் மெட்காஃப் அடுத்தவன் ஆட்டுக்குப் புல் போடறான்னா அவனுக்கு ஒண்ணு காய்ச்சலா இருக்கணும், இல்ல சாகப் போறான்னு அர்த்தம். எங்கம்மா செத்தன்னிக்கே வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் குடுத்தான்."

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. அவர் சிரித்து ஹெட்டி பார்த்ததில்லை. அந்த இருபது தலைகளைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூடையில் வாயை விட்டு வரிசையாக நின்ற கறுத்த முகங்கள். காது வெட்டு மேஜருடையது, தோளில் கத்தரித்த தழும்பு, முதுகில் பச்சை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத திருட்டு. அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை.

ரூத் கேப்ஸ்டிக் சமையலறையில் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயது. அழுது பழக்கமில்லாத முகம். நவம்பர் மூன்றாம் தேதி நாலு சக்கர மோட்டார் சைக்கிள் சரிவில் கவிழ்ந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவள் ஆடுகளைப் பார்த்துக்கொள்வது ஆல்ஃப்தான். மேட்டு வேலியில் அந்நிய ஆடுகளைக் கண்டுபிடித்ததும் அவனே. கண்டுபிடித்ததைக் கூட்டத்துக்குச் சொன்னதும் அவனே.

"ரொம்ப நல்லவன்" என்றார் சார்ஜென்ட்.

"மூணு வாரத்துக்கு மேலா ஒரு நாள் தவறாம வரான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள் ரூத்.

திருட்டு நடந்ததாக மேஜர் சொல்லும் தேதிக்கு மூன்று நாள் கழித்துத்தான் அவள் கால் உடைந்தது. கால் உடைந்த பிறகு என்றால் அவள் திருடியிருக்க முடியாது. அதற்கு முன்னால் என்றால் முடியும். மேஜருக்குத் தேதி இத்தனை துல்லியமாக நினைவிருப்பது எப்படி என்று சார்ஜென்ட் கேட்டார். ரூத் தோளைக் குலுக்கினாள். பூட்ஸில் சேறு படாமல் மலை ஏறுகிற மனுஷன் அவர், மழை பெய்தால் மாளிகையை விட்டு வெளியே வரமாட்டார், தேதியைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும் என்றாள். காட்டுக்கோழி சுட ஆட்களைக் கூட்டிவருவதற்கு அவருக்கு மலையில் இடம் வேண்டும். ரூத்தின் ஆடுகள் குறுக்கே நிற்கின்றன. அது பள்ளத்தாக்குக்கே தெரிந்த கதை.

"நான் படுத்த எடத்துல இருந்தே ஒண்ணு யோசிச்சேன்" என்றாள். "ஆல்ஃப்கிட்டக் கேட்டேன், அந்த ஆடுங்களோட பின்பக்கம் சாயம் இருக்கா பாருன்னு. பாத்துட்டு வந்து, சுத்தமா இருக்கு ரூத், ஒரு பொட்டுக்கூட இல்லேன்னுட்டான். அதோட விட்டுட்டேன்."

சார்ஜென்ட் ஹெட்டியைப் பார்த்தார்.

"டவுன் ஆளுக்கு விளக்கணுமாக்கும்" என்று ஹெட்டி பெருமூச்சு விட்டாள். "கிடாவை அவுத்து விடறப்ப நெஞ்சுல சாயத்தைக் குழைச்சுப் பூசுவோம். அது எந்தப் பொட்டை மேல ஏறுதோ அதோட பின்பக்கம் சாயம் ஒட்டிக்கும். யாருக்கு வேலை முடிஞ்சுது, யாருக்கு முடியலேன்னு தெரியணுமில்ல? ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கலர். அடையாளக் கோடு வேற, இது வேற. ரூத்தோடது சிவப்பு, மேஜரோடது நீலம். போலீஸ்ல கைரேகை எடுப்பீங்களே, அது மாதிரி. என்ன, கிடா தானா முன்வந்து குடுத்துடும்."

சார்ஜென்ட் முகம் மாறவில்லை. கிளம்பும்போது ரூத் அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள். தன்னையும் கூட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்றாள். கை தூக்குகிறவர்கள் தன் முகத்தைப் பார்த்துத் தூக்கட்டும் என்றாள். திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வதாக ஹெட்டி சொன்னாள்.

கையில் இருந்தது ஒரே ஒரு நூல். இருபது ஆடு காணாமல் போய் மூன்று வாரம் மேஜரின் மேய்ப்பன் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஜோஸ் டென்ட் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவன். ஒரு ஆடு குறைந்தாலும் தூக்கத்தில் தெரிந்துகொள்கிற ஆள்.

மாளிகைக்கு மேலே ஒரு சுவர் சரிந்த இடத்தில் அவன் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். அறுபது வயது. இவர்களைப் பார்த்தும் பார்க்காதவன் போல ஒரு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். சார்ஜென்ட் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தச் சுவரிலேயே போய் மோதின. ஆடு எப்போது காணாமல் போனது? மேஜர் சொன்ன தேதிதான். எண்ணினாயா? எண்ணுவது வழக்கம்தான். பிறகு ஏன் சொல்லவில்லை? கல்லை மறுபடி திருப்பினான்.

"பயமா ஜோஸ்?" என்று ஹெட்டி கேட்டாள்.

"நான் குடியிருக்கறது மேஜர் வீடு, ஹெட்டி. என் வாயும் அதுல குடியிருக்கு."

சார்ஜென்ட் வெறுப்போடு திரும்பி நடக்கத் தொடங்கினார். முதுகெலும்பு இல்லாதவர்களோடு பேசி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நாலு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து ஜோஸின் குரல் வந்தது.

"ஆட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். அடுத்த கல்லை எடுத்துவிட்டான். அதன் பிறகு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சார்ஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்டி சாவியைத் திருகினாள். கடிதம் என்றால் முகவரி எழுதிய பக்கம்தான், அதைத்தான் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டேன், ஆட்டுக்கும் முகவரிப் பக்கத்தைத்தான் பார்த்தேன் என்று வழக்கம்போல ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"உன் அண்ணன் அடுத்தவன் ஆட்டுக்கு எப்பவாவது புல் போட்டிருக்கானா?" என்று கண்ணைத் திறக்காமலேயே கேட்டார் சார்ஜென்ட்.

ஹெட்டிக்குப் பட்டி கண்முன் வந்தது. கேட்டில் மாட்டிய கூடை. அதில் வாய் வைத்த இருபது தலைகள். கேட்டுப் பக்கம் வந்து நிற்கிறவனுக்கு முகம்தான் தெரியும். பின்பக்கம் எல்லாம் பட்டியின் உள்சுவரைப் பார்த்துக்கொண்டு இருட்டில் நிற்கும். ஆல்ஃப் பார்த்துவிட்டு வந்து, சுத்தமாக இருக்கிறது என்று ரூத்திடம் சொல்லியிருக்கிறான். தன் வீட்டு ஆள் இப்படிச் செய்வான் என்று நினைக்கவே ஹெட்டிக்குக் கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. ரூத்தின் வீடு வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சார்ஜென்டுக்கு அது புது அனுபவம்.

ரூத்தை வண்டியின் பின்பக்கம், பார்சல் வைக்கிற பலகை மேல் காலை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

கறுப்புக் கிடா விடுதியில் கூட்டம் களை கட்டியிருந்தது. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பெரிய சட்டிகளில் வேகவைத்தது, பக்கத்தில் புளிக்காடியில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ், கையில் பீர். பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரத்தையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பண்ணைகளின் ஆட்டு அடையாளங்கள் பதிந்த புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு தலைவர் நாற்காலியில் ஆல்ஃப் மெட்காஃப். அவன் பக்கத்தில் மேஜர் ட்ரஸ்காட், இஸ்திரி கலையாத கம்பளி உடுப்பில், ஏதோ குழந்தைகள் விளையாட்டுக்குப் பரிசு கொடுக்க வந்தவர் போல எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

ஊன்றுகோலோடு ரூத் உள்ளே வந்தபோது சட்டிகளில் கரண்டி படும் சத்தம்கூட நின்றுவிட்டது. எழுந்து நாற்காலி போட ஒருவனும் இல்லை. ஹெட்டிதான் ஒன்றை இழுத்துப் போட்டாள்.

சார்ஜென்ட் உட்காரவில்லை. கை தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை ஆடுகளைப் பார்த்துவிடலாமே என்றார். பார்த்தாயிற்று என்றான் ஆல்ஃப். மழையாக இருக்கிறது என்றான் இன்னொருவன். முப்பது வருடமாக மழையில் மாடு மேய்ப்பவனும் ஆடு மேய்ப்பவனும் நனைந்ததாக ஒரு புகார்கூடத் தன்னிடம் வந்ததில்லை என்றார் சார்ஜென்ட். மேஜருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "வாங்கப்பா, பாத்துட்டுத்தான் வருவோமே" என்று அவரே முதலில் எழுந்தார். முதலாளி எழுந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொருவராக வெளியே பட்டிக்கு வந்தார்கள். முற்றத்து ஓரத்தில் ஜோஸ் டென்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹெட்டி, அந்தக் கூடையைக் கழட்டு."

ஹெட்டி அண்ணனைப் பார்த்தாள். ஆல்ஃப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூடையைக் கழற்றித் தரையில் போட்டாள். யாருடைய நாயோ கேட்டருகே வந்து முகர்ந்தது. ஆடுகள் மிரண்டு எதிர்மூலைக்கு ஓடி, தலைகளைச் சுவரோடு முட்டிக்கொண்டு நின்றன.

இருபது பின்பக்கங்கள். இருபதிலும் அப்பிய நீலம்.

ரூத்திடமிருந்து ஒரு மூச்சு வந்தது. மேய்ப்பர்கள் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள்.

"என்னது அது, நீலமா? யாரு இப்படிக் கறை பண்ணி வச்சது?" என்றார் மேஜர்.

"சொல்றேன். உங்க கிடாவை எப்ப அவுத்து விட்டீங்க மேஜர்?"

"ஆறாம் தேதி. அஞ்சாம் தேதி ஊர்ல தீ மூட்டி வெடி போடறாங்க இல்ல, அதுக்கு மறுநாள். இங்க எல்லாரும் அன்னிக்குத்தானாமே. நானே நின்னு பாத்தேன்." பழக்கவழக்கம் தெரிந்தவர் என்கிற பெருமை அவர் குரலில் வழிந்தது.

"அதோட நெஞ்சுல என்ன கலர் பூசினாங்க?"

"கலரா? எதுக்கு?"

ஆயிரக்கணக்கில் ஏக்கர் வாங்கிப் போட்டவனுக்கு, தன் கிடாவின் நெஞ்சில் ஏன் சாயம் பூசுகிறார்கள் என்று தெரியவில்லை. சார்ஜென்ட் அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். மேஜரின் கிடாவுக்கு நீலம். அந்தக் கிடா வெளியே வந்ததே நவம்பர் ஆறாம் தேதி. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காணாமல் போன ஆடுகள் மேல் அது எப்படி ஏறியது? ஆறாம் தேதிக்குப் பிறகும் இந்த இருபதும் மேஜரின் மந்தையில்தான் இருந்திருக்கின்றன. அப்போது ரூத் மாவுக்கட்டில் படுத்திருந்தாள்.

மேஜருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் காடியில் ஊறிய முட்டைக்கோஸ் நிறத்துக்கு வந்தது.

"கிடா சுவரைத் தாண்டி ரூத் வேலிக்குள்ள போயிருக்கலாம்" என்று ஆல்ஃப் முனகினான்.

"அந்தக் கிடாவா? தீனி போட்டுப் போட்டு அதுக்கு நடக்கவே மூச்சு வாங்குது" என்றான் ஜோஸ். எல்லாரும் திரும்பினார்கள். அவன் முன்னால் வந்தான். "பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நான்தான் ஓட்டிட்டுப் போய் விட்டேன். கத்தரிச்சதும் நான்தான், பச்சை போட்டதும் நான்தான். சொன்னது மேஜர்."

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்றே நீ" என்றார் மேஜர். மறுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"தெரியும். மூட்டை கட்டிட்டுத்தான் வந்தேன்."

"ஏன்யா, நீலம் இல்லாத ஆடு ஒண்ணுகூடவா அகப்படலே உனக்கு?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"மந்தையில அம்பது ஆடு சுத்தமாக் கெடந்துது. நான்தான் எல்லாம் நீலமாப் பொறுக்கினேன். என்னால வாயைத் திறக்க முடியலே. ஆடு சொல்லட்டும்னு விட்டேன்." ஜோஸ் பதினொரு பேர் பக்கம் திரும்பினான். "ஒம்பது நாள் காத்திருந்தேன். உங்கள்ல எவனாவது ஒருத்தன் சொல்லுவான்னு."

அந்தச் சுவரில் சாய்ந்து ஆடுகளைப் பார்க்காதவன் ஒருவனும் அங்கே இல்லை. பால் குடி மறந்த நாளிலிருந்து ஆட்டுப் பின்பக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். மேஜருக்குத் தெரியாமல் போகலாம், சார்ஜென்டுக்குத் தெரியாமல் போகலாம், அவர்களுக்கா தெரியாது? பதினொரு பேருக்கும் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. ரூத்தின் மலை பதினொன்றாகப் பிரிந்தால் ஆளுக்கு எவ்வளவு என்றும் தெரிந்திருக்கிறது.

"மேஜர் முட்டாள், அவரை மன்னிச்சுடலாம்" என்றார் சார்ஜென்ட். "உங்களுக்கு அந்தச் சாக்குகூட இல்லை."

பிறகு நடந்ததுதான் ஹெட்டிக்குக் குமட்டியது. உள்ளே போய், ரூத் கேப்ஸ்டிக்குக்கு மலையில் உரிமை உண்டு என்பவர்கள் கை தூக்கலாம் என்று ஆல்ஃப் கேட்டான். பதினொரு கையும் எழுந்தது. எல்லாவற்றிலும் உயரமாக எழுந்தது அவன் கைதான். எழுந்த கைகள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து கரண்டியைப் பிடித்தன. கறி ஆறிப்போவதற்குள் சாப்பிட வேண்டும் அல்லவா?

ரூத் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஊன்றுகோலில் எழுந்து ஆல்ஃப் முன்னால் போய் நின்றாள்.

"நாளைலேர்ந்து என் ஆட்டை ஜோஸ் பாத்துப்பான். எங்க வீட்டுலயே தங்கிப்பான். நீ வர வேணாம்."

அவளை வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு ஹெட்டி முன்கதவைத் திறந்தபோது ஆல்ஃப் மழையில் ஓடிவந்தான். தொப்பிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். தன்னைத் தப்பாக நினைக்கக்கூடாது என்றான். தான் திருடவில்லை, மேஜரோடு சேரவும் இல்லை என்றான்.

"நான் பொய் சொல்லலை ஹெட்டி. கூட்டத்துல ஒருத்தனும் என்கிட்டக் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"ரூத் கேட்டாளே" என்றாள் ஹெட்டி.

அவன் கை தானாகக் கழன்றது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் அவன் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு, முப்பது வருடமாக. நாளை தனக்குத் தட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வண்டி மேடு ஏறியது. பின்னால் ரூத்தும், தன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜோஸும். சார்ஜென்ட் கொஞ்ச தூரம் வரை ஹெட்டி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினாள். தொப்பியை மடியில் கழற்றி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை விஷயமில்லாத ஒரு பேச்சை அவரே ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பிடேன். நல்லா இருக்காது. ஆனா பிஸ்கட் ரெண்டு தரேன்."